சிரிக்க வைத்துக் கேட்ட கேள்வி

வேலை கேட்டு வருகிறவர்களைச் சிரிக்க வைப்பதை ஒரு தொண்டு என்றே நெடுநாள் நம்பியிருந்த முட்டாள் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் சூப்பர்வைசராக இருக்கும் சின்ன கம்பெனியில் முதல் இன்டர்வியூ என்னுடையது. பயந்துபோய் வருபவர்களை ஒரு ஜோக்கடித்து இலகுவாக்கிவிட்டு, கல்யாணம் ஆச்சா, குழந்தை எத்தனை, மாமியார் எப்படி என்று வரிசையாகக் கேட்பேன். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் கேட்பதுதானே, இதில் என்ன தப்பு என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொள்வேன். கேட்கிறவன் கையில் வேலை இருக்கிறது, பக்கத்து சீட்காரர் கையில் இல்லை என்பது இந்த மண்டைக்கு ஏறவில்லை.

கோவில்பதாகையிலிருந்து அந்தப் பெண் வந்தது ஒரு மழை நாளில். உதிரிபாகங்களைச் சரிபார்க்கும் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம். கையில் கொடுத்ததை எல்லாம் சரியாக அளந்து காட்டினார். அதோடு நான் இன்டர்வியூவை முடித்துக்கொண்டு எழுந்திருக்கலாம். ஆனால் நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தவரைப் பார்த்ததும் என் தொண்டு மனம் கிளம்பிவிட்டது. குடைக்கும் வேலை போட்டுத் தருகிறோம், கீழே விடும்மா என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டுவிட்டேன்.

"அவரு அவரு ஊட்ல கீறாரு சார், நான் எங்கண்ணன் ஊட்ல கீறேன். ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். இந்த வேலை கிடைத்தால் மகளைக் கூட்டிக்கொண்டு தனி வீடு பார்க்கப்போவதாகவும், அண்ணி முகம் மாறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்றும் அவராகவே சொன்னார்.

நான் செய்த காரியம் இதுதான்: கண்ணாடி அறைக்குள் போய், அந்த பதிலை அவர் மாதிரியே முதலாளியிடம் நடித்துக் காட்டினேன். முதலாளி சிரிக்கவில்லை. புருஷன் குடித்துவிட்டு கேட்டில் வந்து நின்றால் யார் பார்ப்பது என்று கேட்டார். அவன் குடிப்பவன் என்று யாரும் சொல்லவே இல்லை. அதையாவது நான் சொல்லியிருக்கலாம். வாயே கதி என்று பிழைக்கிறவனுக்கு அன்றைக்குப் பார்த்து வாய் திறக்கவில்லை. வெளியே வந்து, சொல்லி அனுப்புகிறோம் என்றேன். நன்றி சார் என்று குடையை எடுத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து ஷேர் ஆட்டோவில் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், கழுத்தில் வேறொரு கம்பெனியின் அடையாள அட்டை. மேனாம்பேட்டில் வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. உடனே பழைய புத்தியும் வந்தது. எங்கள் கம்பெனிக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை, அங்கே இந்த மாதிரி அதிகப்பிரசங்கிகள் கிடையாதா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "அங்கயும் அதே கேள்விதான் சார். அந்தாளு உர்ருனு கேட்டாரு, ஊட்டுக்காரரு துபாய்ல கீறாருனு சொல்லிட்டேன். வேலை குடுத்தாங்க."

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கியவர், குனிந்து என்னைப் பார்த்தார்.

"இனிமே கேக்கறதுனா நீங்களும் மூஞ்ச உர்ருனு வெச்சிக்கினு கேளுங்க சார். பொய் சொல்லவாச்சும் தோணும்."