ஐம்பதாம் எண் குழாய்

தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருப்பது எந்த நாளிலிருந்து குற்றமாகிறது? இன்ஷிராஹ் அப்துல்பாரியை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எனக்கு வருகிறது. அவள் கெட்டவள் அல்ல. பெரிய நல்லவள் என்றும் சொல்லமாட்டேன். எகிப்தின் மன்சூரா நகரில் ஈரல் நோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் பத்தொன்பது வருடம் ரத்தத்தைச் சுழற்றி, பிரித்து, அளந்து, குறித்து வைத்தவள். அவளுக்கு அடுத்த மேசை என்னுடையது.

மரபணுக்களிலிருந்து உடல் நகலெடுக்கும் ஆர்.என்.ஏ.க்களில் பல, புரதம் எதையும் உண்டாக்குவதில்லை. நீளமாகச் சும்மா கிடப்பவை என்று ஒரு காலத்தில் குப்பையோடு சேர்த்திருந்தார்கள். பிறகுதான் அவை மற்ற மரபணுக்களைத் தூண்டுவதும் அடக்குவதும் தெரிந்தது. ஈரலில் புற்று வளரும்போது அவற்றில் சில அளவுமீறிப் பெருகி, ரத்தத்திலும் கசிகின்றன. அப்படி ஒன்றை ஐம்பது நோயாளிகளிடமும் ஐம்பது நலமானவர்களிடமும் அளந்து ஒப்பிடுவது எங்கள் வேலை. நோயாளிகள் ஒரு மாதத்தில் கிடைத்துவிட்டார்கள். ஈரலைக் கெடுக்கும் சி வைரஸ் ஊர்தோறும் பரவிக் கிடந்த நைல் டெல்டாவில் ஐம்பது வயதுக்கு மேல் நல்ல ஈரல் உள்ளவரைத் தேடுவதுதான் பாடு. நாற்பத்தொன்பதில் நின்றுபோனோம்.

ஐம்பதாவது ஆள் பதினோரு மணித் தேநீரோடு வந்தார். ஷிஹாத்தா, எங்கள் மாடிக்குத் தேநீர் போடுபவர்.

"என்னைப் பார்த்தா நல்லா இருக்கிற ஆளாத் தெரியலையா டாக்டரம்மா?" வெள்ளைக் கோட்டு போட்ட எவரும் அவருக்கு டாக்டர்தான்.

"உங்க டீயை நீங்களே குடிச்சும் உயிரோட இருக்கீங்களே சாச்சா, அது போதாதா?"

"கிண்டல் பண்ணாதீங்க. முத்திரை குத்தின காகிதமே வச்சிருக்கேன்."

ஜித்தாவில் ஓட்டுநர் வேலைக்காக முந்தின வருடம் எடுத்த சான்றிதழ். வேலை கிடைக்கவில்லை, காகிதம் பர்ஸில் மடித்தபடி இருந்தது. 'சி வைரஸ்: இல்லை.' அதை நாங்களே மறுபடி சோதிக்க வேண்டும் என்பது விதி. சோதனைப் பெட்டிகள் தீர்ந்து மூன்று வாரமாகியிருந்தது. இன்ஷிராஹ் காகிதத்தைப் பார்த்து 'இல்லை' என்று படிவத்தில் எழுதினாள். ரத்தம் எடுத்து, குழாயில் ஐம்பது என்று எண் போட்டாள்.

எங்கள் இயந்திரம் அந்த ஆர்.என்.ஏ.யைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும். எவ்வளவு சீக்கிரம் கோடு மேலே எழும்புகிறதோ, ரத்தத்தில் அது அவ்வளவு அதிகம். நலமானவர்களுக்கு முப்பத்துநாலு, முப்பத்தைந்தாம் சுற்றில் எழும்பியது. ஐம்பதாம் குழாய்க்கு இருபத்துநாலில். இன்ஷிராஹ் மறுபடி ஓட்டினாள். இருபத்துநாலு.

பேராசிரியர் மம்தூஹ் திரையைப் பார்த்தார். "சிவப்பணு உடைஞ்ச குழாயா இருக்கும். எடுத்துட்டு வேற ஆளைச் சேரு. ஒத்தைப் புள்ளிக்காக என் வரைபடம் அசிங்கமாகணுமா?"

சிவப்பணு உடைந்தால், ரத்தத்தைச் சுழற்றியபின் மேலே தெளிந்து நிற்கும் நீர் சிவந்திருக்கும். அவர் போனதும் அவள் குழாயை விளக்குக்கு நேரே பிடித்தாள். நல்ல வைக்கோல் நிறம். நானும் பார்த்தேன். பிறகு பதிவேட்டில் 'சிவப்பணு உடைந்தது, நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"சாச்சாகிட்ட சொல்ல வேண்டாமா?" என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்ல? இன்னும் உலகம் ஒத்துக்காத ஒரு எண்ணை வச்சு, உங்களுக்குப் புற்றுன்னா? நான் டாக்டர்கூட இல்லடி."

"கீழே போய் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லலாமே."

"எதுக்குன்னு கேட்பார். அப்புறம் அந்தப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்றது?"

அவள் வாதத்தில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதியைப் பற்றி நானும் பேசவில்லை. தினமும் பதினோரு மணிக்கு அவர் அவள் மேசையில் புதினாத் தேநீரை வைப்பார். அவள் நிமிராமல் நன்றி சொல்வாள். ஸ்கேன் அறை இரண்டு மாடி கீழே இருந்தது. ஏழு மாதம் அப்படிப் போயிற்று.

அதற்குள் ஷிஹாத்தாவின் வயிறு நீர் கோத்து வீங்கிவிட்டது. கட்டி ஈரலின் பெரிய ரத்தக்குழாய்க்குள் இறங்கியிருந்தது. அறுக்க வழியில்லை என்றார்கள். நாங்கள் இருவரும் வார்டுக்குப் போனோம். எங்களைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"டாக்டரம்மா, நானே வந்து சொல்லியிருக்கணும். வெட்கமா இருந்துச்சு. அந்தக் காகிதத்துக்கு எனக்குப் பதிலா ரத்தம் கொடுத்தது என் தம்பி. எங்க ஊர்ல பாதிப்பேர் அப்படித்தான் வளைகுடாவுக்குப் போனாங்க. பள்ளிக்கூடத்துல வாய்க்கால் தண்ணியில வர்ற புழு நோய்க்குன்னு ஒரே ஊசியை வரிசையா எல்லாருக்கும் குத்தினாங்கல்ல, அப்பவே எனக்கு அந்த வைரஸ் வந்திருக்கும். தெரிஞ்சேதான் உங்ககிட்ட நீட்டினேன். உங்க ஆராய்ச்சியையே கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

இன்ஷிராஹ் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் கெடல சாச்சா. அந்தக் குழாயே வீணாப்போச்சு. நீக்கிட்டோம்."

"அப்பாடா," என்றார் அவர். முகம் உண்மையாகவே தெளிந்தது. "அல்லாஹ் காப்பாத்தினான். உங்களுக்குக் கெட்ட பேர் வந்திருமோன்னு இருந்தேன்."

நோன்பு மாதம் பிறக்கும் முன்பே அவர் இறந்துபோனார். கட்டுரை அந்த இலையுதிர்காலத்தில் வெளிவந்தது. ஐந்தாவது பெயர் அவளுடையது, ஏழாவது என்னுடையது. வரைபடம் அழகாக இருந்தது.

அடுத்த வருடம் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. நலமானவர்கள் ஐம்பது பேரின் ரத்தத்தையும் தானே எடுப்பதாகச் சொன்னாள். சோதனைப் பெட்டி வராத வாரங்களில் ஒருவரையும் சேர்க்கவில்லை. எல்லாம் முடிந்து உறைபெட்டியைத் திறந்தபோது எந்தக் குழாயிலும் எண் இல்லை. பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர் என்று மூன்றும் ஐம்பது குழாய்களிலும் சிறிய கறுப்பு எழுத்தில் இருந்தன.

"எண்தான் போடணும், ஆள் யாருன்னு அளக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. இது உனக்குத் தெரியாதா?" மம்தூஹ் கத்தினார். "அத்தனையும் குப்பை!"

"தெரியும் சார்."

"பின்னே ஏன்?"

அவள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். மறுவாரம் அவளைக் கண்ணாடிச் சாமான் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள். ஏன் என்று மம்தூஹைத் தவிர யாரும் அவளிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.