நற்கருணையை எடுக்காமல் வரமாட்டார்

படிப்பு முடிந்து எனக்குக் கிடைத்த வேலை ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்தில். போர் நடக்கிற நாடுகளில் ஆட்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது அதன் தொழில். நான் துவக்குப் பிடிப்பதில்லை. லண்டனில் ஓர் அலுவலக மாடியில் இருந்துகொண்டு, எங்கள் வாகனங்கள் நகர்வதைத் திரையில் பார்ப்பேன். ஒவ்வொரு வாகனமும் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளி நின்றால் ஏன் நின்றது என்று கேட்பேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்டவன் நான்தான். அப்பா மன்னாரில் கடலுக்குப் போனவர். அம்மாவின் படிப்பு இடம்பெயர்வோடு நின்றுபோயிற்று. லண்டன் ஈஸ்ட் ஹாமின் தமிழ்க் கடைகளில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், அம்மா "செக்கியூரிட்டியாம்" என்று சொல்லிவிட்டு மீன் விலையைக் கேட்கத் தொடங்கிவிடுவார். பிறகு வீட்டில் எனக்கு விழும்.

"யூனிவர்சிட்டிக்குப் போனது கடை வாசலில நிக்கிறதுக்கோ?"

"வாசலில நிக்கேல்லை அம்மா. கதிரையில இருக்கிறன்."

"கதிரையில இருக்கிறதுக்கும் ஒரு படிப்போ?"

லண்டனில் எங்கள் தமிழ்ப் பூசையை முன்பு ஒப்புக்கொடுத்துவந்த ஃபாதர் ஒருவர், போர் நடக்கிற அப்படியொரு நாட்டுக்கு நிவாரணப் பணிக்காகப் போயிருந்தார். நாட்டின் பெயரை எழுத எனக்கு அனுமதியில்லை. சண்டை நெருங்கிவிட்ட ஓர் ஊரில், கோயிலோடு ஒட்டிய கன்னியர் மடத்தில் வயதான சிஸ்டர்மார் சிலர் அகப்பட்டிருந்தார்கள். அவர்களை ஃபாதர் போய்க் கூட்டிவருவதற்கு அவருடைய சபை எங்கள் நிறுவனத்தை அமர்த்தியது. தமிழ் தெரிந்தவன் என்று அவரோடு பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது.

துவக்கோடு யாரும் கோயில் வளவுக்குள் வரக்கூடாது என்பதில் ஃபாதர் பிடிவாதமாக இருந்தார். அதனால் சாரதியும் இரண்டு காவலர்களும் தெருமுனையில் வாகனத்தோடு நிற்பது, அவர் தனியே நடந்து உள்ளே போவது என்று முடிவாயிற்று.

"ஃபாதர், உள்ளுக்குப் போனவுடன சிஸ்டர்மாரைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டிட வேணும். சுரூபம், படம் ஒண்டும் தூக்கப்படாது."

"தூக்கேன் தம்பி. மாதா நல்ல கனம். எனக்கு ஏற்கெனவே குனிய ஏலாமல் நாரி நோகுது."

"குண்டு துளைக்காத சட்டை?"

"போட்டிருக்கிறன். உயிர்த்த ஞாயிறுப் பூசை உடுப்பைவிடப் பாரம்."

சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த நாள் காலை அவர் அந்த வளவுக்குள் போனார்.

குறித்த நேரம் கடந்தது. புள்ளி தெருமுனையிலேயே நின்றது. ஃபாதரின் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. ஷெல் பக்கத்துத் தெருவரை வந்துவிட்டதாக வாகனத்தில் இருந்த காவலர் தலைவர் தொடர்புக் கருவியில் சொன்னார். அவருடைய குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பின்னால் சாரதி தன் மொழியில் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. அவர் அந்த ஊர்க்காரர்.

நேரம் கடந்தால் வாகனம் புறப்பட வேண்டும் என்பது விதி. உள்ளே இருப்பவர்கள் நிலவறையில் பதுங்கிக்கொள்ள, இன்னொரு நாள் முயற்சி செய்யலாம். என் மேலாளர், பழைய பிரிட்டிஷ் இராணுவத்தார், கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். "உனக்கு இவரைத் தெரியும். வருவாரா, மாட்டாரா?" என்று கேட்டார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கைவிடப்படும் கோயிலின் பீடத்துப் பேழைக்குள் நற்கருணையை, பூசையில் ஆண்டவரின் உடலானதை, விட்டுவிட்டு எந்தக் குருவும் வரமாட்டார். சிஸ்டர்மாருக்குக் கொடுத்து, மிச்சத்தைத் தான் உட்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவி அதையும் குடிப்பார். அதை ஓடி ஓடிச் செய்ய ஏலாது. சின்ன வயதில் சண்டையால் எங்கள் ஊர் வெறுமையானபோது அந்த ஊர்க் குருவும் இப்படித்தான் செய்தார். டிராக்டர் பெட்டியில் இருந்தவர்கள் "வாங்கோ ஃபாதர்" என்று கத்தினார்கள், சிலர் ஏசினார்கள், ஆனால் அவர் வரும்வரை ஒருவரும் டிராக்டரை எடுக்கவில்லை.

"வருவார். பேழையை வெறுமையாக்குகிறார். கொஞ்சம் பொறுங்கள்" என்றேன்.

"அப்பத்துக்காகவா?"

அது அப்பம் இல்லை என்று சொல்ல வாய் எழவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாகனத்தை நிற்கச் சொன்னார்.

அதன்பிறகு ஒரு பெரிய சத்தம், உடனே வெறும் இரைச்சல். நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். திரையில் புள்ளி பச்சையாகவே இருந்தது. அது வாகனத்தின் புள்ளி, உள்ளே இருக்கிறவர்களுடையது அல்ல. அவர்கள் செத்துப்போயிருந்தாலும் அது அப்படித்தான் இருக்கும். நிற்கச் சொன்னது நான். இது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

பிறகு காவலர் தலைவரின் குரல் வந்தது. ஒரு பக்கக் கண்ணாடி முழுவதும் போய்விட்டது, சாரதியின் காதில் இரத்தம், ஆனாலும் வாகனம் ஓடும். அதற்குள் ஃபாதரும் சிஸ்டர்மாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வருவது தெரிகிறது என்றார். புள்ளி நகர்ந்தது. அறையில் கைதட்டினார்கள். நான் அந்த நேரத்தைப் பதிவேட்டில் குறித்தேன்.

சில நாட்களுக்குப் பிறகு ஃபாதர் தொலைபேசி எடுத்தார்.

"பயந்திட்டீரோ தம்பி?"

"ஓம் ஃபாதர்."

"அவங்கள் நிண்டது எனக்குத் தெரியாது. போயிருப்பாங்கள் எண்டுதான் நினைச்சன். நடக்கவேண்டி வரும் எண்டு சிஸ்டர்மாருக்கும் சொல்லிப்போட்டன்."

"நான்தான் ஃபாதர் நிக்கச் சொன்னனான்."

"அந்த டிரைவருக்கு ஒரு காது இன்னும் கேக்குதில்லை" என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்குத் தெரியவேண்டும் என்று சொன்னார். பிறகு, "அடுத்த கிழமை இன்னொரு மடம். உம்மைத்தான் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறன். உமக்கு எங்கட முறை தெரியும்" என்றார்.

"ஃபாதர், நற்கருணை எடுக்க எவ்வளவு நேரம் வேணும் எண்டு முன்னமே சொல்லிப்போடுங்கோ. அதுக்கும் சேர்த்து நேரம் கேட்டு வாங்கித் தாறன். அந்த நேரம் முடிஞ்சா வண்டியை எடுக்கச் சொல்லுவன். நீங்கள் உள்ளுக்கு நிண்டாலும்."

"சொல்லுவீரோ?"

"சொல்லுவன்."

"சரி தம்பி. சொல்லும்."

அவருடைய குரலில் ஆறுதல் இருந்ததுபோலத்தான் பட்டது. எனக்கு அந்த ஆறுதல் இல்லை. அவர் சொன்ன கிழமை இதுதான். நாளைக் காலை ஷிப்ட் என்னுடையது.