சொந்தக்காரங்கன்னு சொல்லிடு

திருவாரூர் பக்கத்தில் ஒரு மிராசுதாரிடம் அப்பாவும் அம்மாவும் பண்ணை வேலை செய்தார்கள். எங்கள் குடிசை நின்ற இடமும் அவருடையதுதான். கூலி நெல் பற்றவில்லை என்று அப்பா வாய் திறந்தால், "குடிசையப் பிரிச்சுக்கிட்டு எடத்தக் காலி பண்ணு" என்று பதில் வரும். அப்பா வாயை மூடிக்கொள்வார். இரண்டு தடவை மூடாமல் இருந்து பார்த்தார். இரண்டு தடவையும் வாய்க்கால் கரையில் சட்டி பானையோடு கிடந்தோம்.

பிறகு, யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்கே மனை என்று சட்டம் வந்தது. சில வருஷம் கழித்து அதே இடத்தில் அரசாங்கம் காங்கிரீட் வீடும் கட்டிக் கொடுத்தது. விண்ணப்பம் வாங்கிய குமாஸ்தா, "வேற வீடு, மனை ஏதும் இருக்கா?" என்று கேட்டாராம். "இருந்தா இந்த வெயில்ல ஏங்க நிக்கிறேன்?" என்றாராம் அப்பா. இந்தப் பேச்சை அவர் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பட்டா அம்மா பெயரில் வந்தது. பின்பக்கத்து நிபந்தனைகளை நான்தான் படித்துக் காட்டினேன். பயனாளி தாமே குடியிருக்க வேண்டும். விற்கவோ, அடகு வைக்கவோ, வாடகைக்கு விடவோ கூடாது. மீறினால் பட்டா ரத்தாகி, வீடில்லாத வேறொருவருக்குப் போகும். 'தாமே' என்ற இடத்தை அம்மா மறுபடி படிக்கச் சொன்னாள். "நாம வேற எங்க போகப் போறோம்" என்றாள்.

போனோம். அப்பா இறந்த பிறகு எனக்குத் தஞ்சாவூரில் ஆபீஸ் வேலை கிடைத்தது. மாடிப் போர்ஷன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து அம்மாவை அழைத்துக்கொண்டேன். பூட்டிக் கிடந்த வீடு ஒரே ஐப்பசி மழையில் ஒழுக ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் ஒண்ட இடமில்லாத ஒரு பெண்ணைப் பற்றித் தெரிய வந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போனவள், இரண்டு பெண் குழந்தைகள், களையெடுப்பு வேலை. அவளைக் குடிவைத்தேன். வாடகை, அறுவடைக்கு ஒரு மூட்டை நெல். "எழுதியிருக்குல்ல, வேணாம்" என்றாள் அம்மா. ஊரில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எந்த அதிகாரி வந்து பார்க்கிறான் என்று நான் அடித்துப் பேசினேன். நாலு எழுத்து படித்த திமிர், வேறென்ன.

சாவி கொடுக்கும்போது அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "யாரு வந்து கேட்டாலும் சொந்தக்காரங்கன்னு சொல்லிடு." அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அதிகாரி வந்தார். வீடு வீடாக யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வந்தவர், "நீ யாரு?" என்று கேட்டிருக்கிறார். "சொந்தக்காரங்க" என்றிருக்கிறாள். "வீட்டுக்கா?" என்றாராம் அவர். பயத்தில் தலையை ஆட்டிவிட்டாள். கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். பட்டாவை மாற்ற ஆட்சேபணை உண்டா என்று அம்மா பெயருக்கு வந்த நோட்டீஸ் அந்த வீட்டுக் கதவிலேயே ஒட்டப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அவள், அதைப் பத்திரமாகக் கிழித்தெடுத்து அலமாரியில் வைத்தாள், நான் வந்தால் கொடுக்கலாம் என்று. நான்தான் போகவே இல்லை.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. மாடிப்படி ஏற முடியவில்லை. "என் உசிரு என் வீட்டுலதான் போவணும்" என்று பிடிவாதமாகச் சொல்ல ஆரம்பித்தாள். காலி பண்ணச் சொல்லலாம் என்று கிளம்பிப் போனேன். அந்தப் பெண் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நோட்டீசையும், அப்புறம் வந்த தாளையும் எடுத்து நீட்டினாள். பட்டா அவள் பெயரில் இருந்தது. "இது என்னக்கா?" என்று கேட்டாள்.

கன்னாபின்னாவென்று கத்தினேன். "எடத்தக் காலி பண்ணு" என்றேன். சின்னப் பெண் ஓடிப்போய்ச் சட்டி பானையை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீசுக்கு மனு எழுதப்போகிறேன், அந்தப் பொம்பளையைச் சும்மா விடமாட்டேன் என்றேன். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தபடியே சொன்னாள்:

"அன்னைக்கி நாம நின்ன எடத்துல இன்னைக்கி அவ நிக்கிறா. நீ எங்க நிக்கிறேன்னு பாத்துக்க."

மனு எழுதவில்லை. அம்மாவும் அதற்குப் பிறகு வீட்டைப் பற்றிப் பேசவில்லை. அறுவடைக்கு முன்பே, அந்த மாடிப் போர்ஷனில் இறந்துபோனாள். வீட்டுக்காரர் துக்கம் விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, மற்ற குடித்தனக்காரர்கள் சங்கடப்படுவார்கள், உடலை இங்கே போட்டு வைக்க வேண்டாம் என்றார். வேனில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனோம். தெருமுனையில் வேன் நின்றது. எந்த வாசலில் இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். கதவை அகலத் திறந்து, கூடத்தைக் கழுவிவிட்டு, "உள்ள கொண்டாங்க" என்றாள். அம்மாவின் தலைமாட்டில் விளக்கை ஏற்றியதும் அவள்தான். மரணத்தைப் பதிவு செய்ய வந்தவர் நோட்டைப் பிரித்துக்கொண்டு அவளிடம், "இறந்தவங்களுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்.

"சொந்தக்காரங்க" என்றாள்.

வீட்டுக்கா என்று இவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.