இரண்டு பக்கமும் தாழ்ப்பாள்

"வாளி" என்ற பேரை நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு கல்யாண வீட்டில். சாப்பிட உட்கார்ந்திருந்தோம். என் சித்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வாளி இன்னும் வரலையா?" என்றாள். "மழை பெய்யுதுல்ல, அவ வீட்டைச் சுத்தி முடிச்சு எப்ப வர்றது!" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லாரும் சிரித்தார்கள். பாத்திரம் விற்கிறவள் யாரோ என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, என் அம்மாவின் பெரியம்மா பிறந்த வீட்டுக்கு வாழ வந்த மருமகள் அவள் என்று. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று இருந்தது. கையில் இருந்த வாளி அதை விழுங்கிவிட்டது.

அந்த வீட்டைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. அவள் புருஷனின் கொள்ளுத்தாத்தா நிலத்தைத் திருத்தியபோது கிளம்பிய கல்லையெல்லாம் சுமந்து வந்து கட்டிய வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளம், ஒரே கூரை. ஒரு பாதியில் மனுஷர்கள், மறுபாதியில் மாடுகள். ஜன்னல்கள் வெளியே கைக்குட்டை அளவு, உள்ளே முறம் அளவு. கடைசி அறை அடுப்படி. அதற்கு அடுத்தது தொழுவம். நடுவில் ஒரு கல்சுவர், கைக்குழந்தையைக் குறுக்கே படுக்கவைக்கிற அளவு தடிமன். அப்படியும் மாடு இருமினால் அடுப்படியில் கேட்கும். ஆனால் அந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமென்றால் அடுப்படியை விட்டு, முன்னறையைத் தாண்டி, வாசலில் இறங்கி, கிணற்றடிப் பாசியில் கால் வைத்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் போக வேண்டும். பாலோடு திரும்பி வருவதற்கும் அதே சுற்று.

வந்த புதிதிலேயே கேட்டாள். "இந்தச் சுவத்துல ஒரு வாசல் வெச்சா என்ன?"

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றான் புருஷன். நல்ல மனுஷன்தான். தலை வலித்தால்கூட அண்ணனைக் கேட்டுத்தான் படுப்பான்.

அந்த அண்ணன், அவளுக்குப் பெரியத்தான், பட்டணத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார். "தாத்தாவுக்கு அப்பா கட்டின சுவரு. அதுல கை வெச்சா மொத்த வீடும் உக்காந்துடும்" என்று சொல்லி அனுப்பினார். நாத்தனார் அதற்கும் மேலே போனாள். "அந்தச் சுவத்துல சாஞ்சுதான் அண்ணி நான் பாடம் படிச்சேன். அதைப் போய் இடிக்கவா?" வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, கொஞ்ச நேரம் சாய்ந்துவிட்டுப் போகிற சுவர். வாளிக்கு வாயில் வந்ததை அடுப்பிடம்தான் சொல்ல முடிந்தது.

பிள்ளைகள் வளர்ந்து வேறு வேறு ஊருக்குப் போன பிறகும் அதே கேள்வி, அதே பதில். கூரை ஓடு மாற்றினார்கள், மின்சாரம் இழுத்தார்கள், அப்போதெல்லாம் எதுவும் உட்காரவில்லை. வாசல் என்றால் மட்டும் வீடு உட்கார்ந்துவிடும்.

போன மழைக்காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். முட்டி கொழுக்கட்டை மாதிரி வீங்கி, வடிந்த பிறகும் பழையபடி மடங்கவில்லை. குடும்பம் கூடிப் பேசி முடிவெடுத்தது, மாட்டை விற்றுவிடலாம் என்று. வாசலுக்கு அத்தனை வருஷம் யோசித்தவர்கள் மாட்டுக்கு ஒரு பொழுதுகூட யோசிக்கவில்லை.

"உன் நல்லதுக்குத்தானே சொல்றாங்க" என்றான் புருஷன்.

"மாடு போச்சுன்னா எனக்கு இந்த வீட்டுல என்ன இருக்கு? சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரவா?"

இரண்டு மாடு. தாயும் மகளும். மகளைத் தாய் வயிற்றிலிருந்து இழுத்துப் போட்டவள் அவள்தான், நஞ்சுக்கொடி வாசம் கையை விட்டுப் போகாமல் ஒரு வாரம் சாப்பிடவே முடியாமல் இருந்தவள்.

தரகர் சாயங்காலம் வருகிறார் என்று, காலையிலேயே பெரியத்தானும் நாத்தனாரும் வந்து இறங்கினார்கள். அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தால் அலமாரி நகர்ந்து கிடக்கிறது, சுவரெதிரே கொத்தனார் முக்காலி மேல் நின்று பூச்சைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

"யாரைக் கேட்டு இது?" என்றார் பெரியத்தான்.

"எல்லாரையும் கேட்டாச்சு, பெரியத்தான். கல்யாணமான மறுமாசத்துல இருந்து கேட்டாச்சு."

"நீ சும்மா இருந்தியாடா?" என்று தம்பியைப் பார்த்தார்.

"உங்களைக் கேக்கணும்னுதான் இருந்தேன், அண்ணே. அதுக்குள்ள இவரு வந்துட்டாரு."

கொத்தனார் கீழே இறங்கவில்லை. "ஐயா, கொஞ்சம் இங்க பாருங்க. இது சுவரே இல்லீங்க" என்றார். வாசலுக்கு மேலே குறுக்கே போடுகிற நீளக்கல் ஒன்று பூச்சுக்குள்ளிருந்து வெளியே வந்திருந்தது. அதன் இரண்டு நுனியிலிருந்தும் நூல் பிடித்த மாதிரி நேராகக் கீழே இறங்கும் விளிம்பு. "சுவரோட சேத்துக் கட்டின கல்லு இல்ல. அப்புறமா வாசலை அடைச்ச கல்லு. எடுத்தா ஒண்ணும் ஆகாது."

கொத்தனார் ஒரு கல்லை எடுத்துவிட்டு இறங்கினார். கூரை உட்காரவில்லை. பெரியத்தான்தான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மத்தியானத்துக்குள் கல்லெல்லாம் அடுப்படியில் குவிந்தது. உள்ளே, சுவரின் நடுத் தடிமனில், கரி ஏறின ஒரு மரக்கதவு நின்றுகொண்டிருந்தது. தாழ்ப்பாள் போட்டபடி.

"ஐயோ, கொள்ளுத்தாத்தா கதவு!" என்று நாத்தனார் கன்னத்தில் கை வைத்தாள்.

வாளி தாழ்ப்பாளைச் சுத்தியலால் தட்டி நகர்த்தி, கதவை இழுத்தாள். அசையவில்லை. கொத்தனார் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அம்மா, அந்தப் பக்கமும் தாழ்ப்பாள் போட்டிருக்கு. அதுக்குப் பின்னாடி அங்கேயும் கல்லு அடைச்சிருக்கு."

அப்போதுதான் பெரியத்தானுக்கு ஞாபகம் வந்தது. "ஆமா... அப்பா சொல்லுவாரு. தாத்தாவும் அவரோட தம்பியும் இதே வீட்டுல ஆளுக்குப் பாதியா இருந்தாங்களாம். இந்தக் கதவைச் சாத்தணுமா, திறந்து வைக்கணுமான்னு பொம்பளைங்களுக்குள்ள தகராறு. புகை அந்தப் பக்கம் போகுதுன்னு ஒருத்தி, காத்து வரலைன்னு ஒருத்தி. கடைசியில ஆளாளுக்குத் தாழ்ப்பாள் போட்டு, ஆளாளுக்குக் கல்லு வெச்சு அடைச்சாங்களாம். 'அவன் வெச்ச கல்லைப் பாத்துக்கிட்டு நான் உக்காரணுமா'ன்னு தம்பி தனியா அடைச்சாராம். அவருக்குப் பிள்ளை இல்ல. அவரு காலத்துக்கு அப்புறம் அந்தப் பக்கம் மாட்டைக் கட்டினாங்க."

இதையே என் அம்மாவின் பெரியம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். பிறந்த வீட்டுப் பெருமைக்குக் கதை கட்டுகிறாள் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

வாளி சுத்தியலைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்தான்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ புது வாசல் வைக்கலாமான்னுதானே கேட்டே? பழைய வாசல் இருக்கான்னு கேக்கலையே!"

வாளி புருஷனைப் பார்த்தாள். அவன் அண்ணனைப் பார்த்தான்.

"இதோட நிறுத்திக்கலாம்" என்றார் பெரியத்தான். "எவ்வளவு பழைய கதவு! இப்படியே இருக்கட்டும். பாக்கறதுக்கும் அழகா இருக்கு."

"ஆமா அண்ணி, திறந்தா உடைஞ்சிடும். நான் ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

ஆக, திறக்காத சுவருக்குப் பதில் திறக்காத கதவு. வாளி கொத்தனாரின் கடப்பாரையை எடுத்தாள். பழக்க தோஷம், இன்னொரு கையில் வாளியையும் எடுத்துக்கொண்டாள். முன்னறை, வாசல், கிணற்றடி. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கடப்பாரையை ஊன்றி, முட்டியைத் திட்டி, பெரியத்தானைத் திட்டி, அவருடைய தாத்தாவையும் தாத்தாவின் தம்பியையும் சேர்த்துத் திட்டி, வீட்டைச் சுற்றி வந்தாள்.

தொழுவத்துச் சுவரில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். தம்பிக்காரர் சுண்ணாம்பே போடவில்லை, வெறும் மண். கோபத்தில் அடுக்கின கல் என்பது தொட்டதுமே தெரிந்தது. ஒன்றைப் பிடுங்கினால் நாலு சேர்ந்து வந்தது. சத்தம் கேட்டுக் கொத்தனார் ஓடி வந்தார். "தள்ளுங்கம்மா, காலு மேல விழப்போகுது." "விழட்டும், ஏற்கெனவே போன காலுதான்" என்றாள். தள்ளவில்லை. இரண்டு பேருமாக எடுத்தார்கள். மாடுகள் ஓரமாக ஒதுங்கி அசைபோட்டுக்கொண்டு பார்த்தன.

அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. கல்லை எடுத்து இரண்டு போடு போட்டாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு முனகிக்கொண்டு அடுப்படிக்குள் திறந்தது. போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த பெரியத்தான் ஒரு துள்ளுத் துள்ளினார்.

"வழி விடுங்க, பெரியத்தான்" என்றாள்.

அவர் விலகினார். அவள் பின்னாலேயே மகள் மாடு தலையை நீட்டி, அடுப்படியில் வைத்திருந்த தவிட்டை மோந்து பார்த்தது.

சாயங்காலம் தரகர் வந்தபோது அவளே வாசலுக்குப் போனாள். "மாடு விக்கல. வந்ததுக்கு டீ குடிச்சிட்டுப் போங்க. பாலு இப்ப பக்கத்துலதான் இருக்கு."

புருஷன் அண்ணனைப் பார்த்தான். பெரியத்தான் டீக்குக் காத்திருந்தார்.

ஒரு தாழ்ப்பாளைப் பெரியத்தான் ஞாபகத்துக்கு என்று பட்டணத்துக்குக் கொண்டுபோனார். மற்றதை வாளி கழற்றிக் கிணற்றடியில் எறிந்தாள். சொந்தக்காரர்கள் யாராவது வந்தால் அந்த வாசலில்தான் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அவர்கள் நகர்கிற வரை, வாளியோடு அவள் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. அவசரமென்றால் பழையபடி வீட்டைச் சுற்றித்தான் போகிறாள்.

வாளி இப்போதும் அந்தக் கல்வீட்டில்தான் இருக்கிறாள், புருஷனோடும் இரண்டு மாட்டோடும், போன மாதம் பிறந்த ஒரு கன்றோடும்.