அறை பிடித்துக் கொடுத்தவர்

கோடை விடுமுறையில் என் இரண்டு மகள்களுக்கும் சென்னையைக் காட்டுவதற்காகச் சிதம்பரத்தில் பஸ் ஏறினோம். கடலூர் தாண்டியதும் போன் வந்தது. ஆண் துணையில்லாத பெண்களுக்கு அறை தருவதில்லை என்று சொல்லி, நாங்கள் பதிவு செய்திருந்த லாட்ஜ்காரர் வைத்துவிட்டார். பெரிய ஓட்டல்கள் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வாடகை குறைவான வேறு லாட்ஜுகளைக் கூப்பிட்டேன். அங்கும் அதே பதில். சென்னையில் எங்களுக்குத் தெரிந்தவர் யாருமில்லை. பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடலூரில் ஏறிய அம்மா ஒருவர் என் பக்கத்தில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போன இப்புடிக் குடும்மா" என்று வாங்கி, அடுத்த லாட்ஜை அவரே அழைத்தார்.

"ஆம்பள யாரும் கூட வரலியா?" என்ற குரல் எனக்கும் கேட்டது.

"ஏன் தம்பி, ஆதாரு ஆம்பளைக்கு மட்டுமா குடுத்துருக்காங்க? புள்ளைங்கள வச்சிக்கிட்டு அவுங்க தெருவுலயா நிப்பாங்க? உன் பேரச் சொல்லு. உன்னயே வந்து பாக்கச் சொல்றேன்."

மறுமுனையில் இருந்தவர் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, வரச் சொல்லுங்க" என்றார்.

"உங்களுக்குப் பயமே இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவ ஒரு வாசல்ல எனக்கும் இப்புடித்தான் இல்லேன்னாங்க, பேசாம திரும்பி வந்துட்டேம்மா" என்றார்.

போனைத் திருப்பித் தந்துவிட்டு மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திண்டிவனத்தில் இறங்கிப் போய்விட்டார். அன்று மாலை அறை கிடைத்தது. எந்த வாசலிலிருந்து அவர் பேசாமல் திரும்பினாரோ, எனக்கு இன்றும் தெரியவில்லை.