பிரின்டரைக் கடைசிச் சுவரோரம் வைத்தேன்

பிள்ளைகளே, உங்கள் அப்பா பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் ராயப்பேட்டையில் நான் வேலை செய்யும் கடைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் இன்றும் என்னைத்தான் கேட்கிறார்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பேன். வேலையில் இறங்கிவிட்டால் தண்ணீர் குடிக்கக்கூட எழ மாட்டேன். அதை ஒரு திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. விரல்கள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தானை உங்கள் அம்மாதான் போட்டுவிட வேண்டியிருந்தது. டாக்டர் கையை அமுக்கிப் பார்த்தார்.

"இப்படியே விட்டீங்கன்னா இந்தக் கையால மவுஸ்கூடப் பிடிக்க முடியாது. அடிக்கடி எழுந்திரிங்க, கையத் தொங்க விடுங்க, கொஞ்சம் தூரத்துல பாருங்க. மாத்திரையவிட அதுதான் முக்கியம்."

சொல்லிவிட்டார். எனக்கு ஞாபகம் வர வேண்டுமே? மொபைலில் அலாரம் வைத்தேன். அடிக்கும், அணைப்பேன், மறுபடி வேலையில் மூழ்கிவிடுவேன். அப்புறம்தான் எனக்கே ஒரு யோசனை தோன்றியது. முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த பிரின்டரைக் கடையின் கடைசிச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தேன். இனி பிழை பார்க்க எடுக்கும் ஒவ்வொரு புரூஃபையும் எழுந்து நடந்துதான் எடுத்துவர வேண்டும். அதை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை வாசலில் நின்று எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பேன். இது யாரும் சொல்லிக்கொடுத்த வழியல்ல.

முகூர்த்த மாதம் வந்தது. கடையில் ஒரே கூட்டம். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலையில் போனால் பிரின்டர் மறுபடி என் மேசைமேல் இருந்தது.

"இன்னா நைனா, கஸ்டமர் குந்திகினு கீறாங்க, நீ வாசல்ல நின்னு காக்கா எண்ணிகினு கீற? இன்னிக்கு எந்திரிச்ச, அப்படியே வூட்டுக்குப் போய்க்கினே இரு."

என் பக்கத்து நாற்காலியில் மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு பெரியவர். பேரனுக்குக் கல்யாணம். எங்கள் தொழிலில் எதையும் புதிதாக அடிப்பதில்லை. பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து பெயர்களை மாற்றுவோம். அன்று எழாமலே எல்லாவற்றையும் மாற்றி முடித்தேன். பெரியவர் புரூஃபைப் பார்த்தார்.

"இனிஷியல்லாம் சரியா இருக்கு. நாழி ஆறது, அச்சுக்குக் குடுத்துடுங்கோ."

என் விரல்கள் மரக்கட்டையாக இருந்தன. எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. எழுந்தால் வேலை போய்விடும். ஆனால் கை போய்விட்டால் அப்புறம் எந்த வேலை? எழுந்துவிட்டேன்.

முதலாளி முறைத்தார். நான் வாசலில் போய்க் கையைத் தொங்கவிட்டு, தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விரல்களில் கொஞ்சம் ரத்தம் ஓடியதும் திரும்பி வந்து புரூஃபைக் கையில் எடுத்தேன். முதல் பார்வையிலேயே கண்ணில் பட்டது. பெரியவரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. பழைய பத்திரிகையிலிருந்த தாத்தாவுக்குப் போட்ட சொல். பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது.

காட்டினேன். பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நன்னாருக்கு போங்கோ! இது ஊர் பூரா போயிருந்தா, மண்டபத்துல என்னைப் பாத்து எல்லாரும் அலறிண்டு ஓடியிருப்பா!" முதலாளியிடம் திரும்பினார். "ஓய், இவர் எழுந்து நடக்கறதைத் தடுக்காதேயும்."

பெரியவர் போனதும் முதலாளி நேரே வந்து பிரின்டரின் ஒயரைப் பிடுங்கினார். நான் அவசரமாகத் தூக்கப் போனேன்.

"அந்தக் கைய இன்னாத்துக்கு வைக்கிற? தள்ளு, நானே தூக்கினு போறேன்."

கடைசிச் சுவர்வரை அவரே சுமந்தார். தரையில் இழுபட்ட ஒயரை மட்டும் இடது கையால் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, மாப்பிள்ளை மாதிரி அவர் பின்னால் நடந்தேன்.