ஸ்டேசனுக்கு அடித்த நீலம்

எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பிட்டுக் கனகாலம். அதன்மேல் ஒரு பிளைவூட் பலகை, பலகையில் சின்னத் தண்டவாளம், இரு பக்கமும் என் கணவர் கட்டாரிலிருந்து அனுப்பும் பிளாஸ்டிக் கட்டடங்கள். ரயில் பைத்தியம் அவருக்கு. பெயின்ட் அடிக்கும் வேலை எனக்கு.

பெட்டி வந்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். பெட்டி வந்தால் ஆள் வரவில்லை என்று அர்த்தம். "இந்தக் கொன்ராக்ட் முடிய வந்திடுவன்" என்பார். முடியும், இன்னொரு பெட்டி வரும். இந்தமுறை வந்தது ஒரு ரயில் ஸ்டேசன்.

"எங்கட ட்ரிங்கோ ஸ்டேசன் மாதிரி அடியும். அந்த மங்கல் மஞ்சள், உமக்குத் தெரியும்தானே" என்றார் போனில்.

பனி நாட்டுக்கென்று செய்த கட்டடம் அது. கூரையில் புகைபோக்கி வேறு. திருகோணமலையில் யார் குளிர்காய்கிறார்கள்? அதை ஒட்டாமல் விட்டு, துளையைப் பசையால் அடைத்தேன். துண்டுகளைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, சாம்பல்நிற அடிப்பூச்சை மெல்லியதாக அடித்தேன். மேலே அடிப்பது அக்ரிலிக்தான். அதில் எனக்குப் பிடிவாதம். முன்பு ஒருதரம் எனாமல் கரைக்க ஹாட்வெயார் கடைத் தின்னரைப் பாவித்து, ஒரு பிளாஸ்டிக் பண்டகசாலையின் சுவரையே இளக வைத்தவள் நான்.

மஞ்சளில் வெள்ளையும் ஒரு துளி மண்ணிறமும் கலந்து வைத்துவிட்டு, சரிதானா என்று பார்க்கக் காலையில் உண்மையான ஸ்டேசனுக்கே போனேன். வாசலில், ஊருக்குள் திரிகிற மான்களில் இரண்டு படுத்திருந்தன. சுவர் மஞ்சள் இல்லை. வெளிர் நீலம். அடிக்கடி அந்தப் பக்கம் போகிறவள்தான் நான். ஆனால் மஞ்சள் என்று அவர் சொன்னதும் என் மனதிலும் மஞ்சளே வந்துவிட்டது.

கலந்த மஞ்சளையே அடித்திருக்கலாம். அவருக்குச் சந்தோசமாக இருந்திருக்கும். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் நினைப்பில் இருக்கிற ஊருக்கு நான் ஏன் நிறம் அடிக்க வேண்டும்? நான் இருக்கிற ஊருக்கல்லவா அவர் வரவேண்டும்!

மஞ்சளைக் கொட்டிவிட்டு நீலம் கலந்தேன். இரண்டு மெல்லிய பூச்சு. காய்ந்ததும் மண்ணிறத்தைத் தண்ணீராகக் கரைத்து மூலை இடுக்குகளில் ஓடவிட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றினேன். கூரைக்குத் துரு நிறத்தை ஸ்பொஞ்சுத் துண்டால், கடல் பக்கத்தில் மட்டும் தொட்டுவைத்தேன். உப்புக்காற்று தின்பது அந்தப் பக்கத்தைத்தான். கடைசியாக, பிளாஸ்டிக் மினுக்கம் போக மட் வார்னிஷ். கோபத்தில் தொடங்கினாலும் ஆசையாகத்தான் செய்தேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. வீடியோ கோல் எடுத்தார். காட்டினேன்.

"இதென்ன, நீலமா அடிச்சிருக்கிறீர்? இது எங்கட ஸ்டேசன் இல்லை."

"இப்ப இதுதான் எங்கட ஸ்டேசன். மஞ்சளை எப்பவோ மாத்திப்போட்டாங்கள்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"ஸ்டேசனுக்குப் பெயின்ட் அடிச்சதை ஆராவது போன் எடுத்துச் சொல்லுவினமோ? இஞ்ச இருந்தாத்தானே தெரியும்."

நினைத்ததைவிடச் சூடாகவே வந்துவிட்டது. அவர், வேறு யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எங்கட வீடு இப்ப என்ன நிறம்?"

பொங்கலுக்கு அடித்த நிறம். படம்கூட அனுப்பியிருந்தேன். மறந்துவிட்டார் என்று கோபிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. சொந்த வீட்டின் நிறத்தை ஒரு மனிதர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே.

"சொல்லமாட்டன்" என்றேன். "வந்து பாருங்கோ."

"ஓம்" என்றார். அந்த ஓமை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். போனை வைத்துவிட்டு மேசையடியிலேயே இருந்து அழுதேன். எனக்கு அவர் வேண்டும்.